வெள்ளக்கல்லை நம்பிக் கட்டாதே

அன்புள்ள மகனே,

நலம் விசாரிப்பெல்லாம் இன்றைக்கு வேண்டாம். அம்மா, நான் போன கடிதத்தில் எழுதியபடியேதான் இருக்கிறாள், நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரைச் சரிவில் நீ கட்டச் சொல்லியிருக்கும் வீட்டைக் கட்டவேண்டாம். அதிலும் அம்மாவுக்கென்று நீ போட்டிருக்கும் அந்தக் கீழ் அறை வேண்டவே வேண்டாம். இதையே நான் ஆறு கடிதங்களில் எழுதிவிட்டேன். நீயும் கொழும்பிலிருந்து ஆறுக்கும் பொறுமையாகப் பதில் போட்டாய். இது ஏழாவது. அந்த ஆறிலும் நான் எழுதிய காரணங்கள் எல்லாம் வெறும் சாக்குகள். உண்மையான காரணத்தை எழுத இத்தனை நாளாக எனக்குக் கை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஆனால் எட்டு நாள்தான் இருக்கிறது.

அந்தச் சாக்குகளை நீ மறந்திருக்கமாட்டாய். முதலில் பாம்பு என்று எழுதினேன். பாம்பு நம் தெருவிலும்தான் இருக்கிறது என்று எழுதினாய். அடுத்து ஈரம் என்றேன். தரைக்கு அடியில் கரியும் மணலும் பரப்பச் சொல்லியிருக்கிறேன், ஈரம் ஏறாது என்றாய். கண்ணாடி ஜன்னல் வைத்தால் குளிக்கப் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று எழுதினேன். பார்க்கட்டுமே, அம்மாவுக்கும் பொழுது போகும் என்றாய். கோவில் தூரம் என்று ஒன்று, மருத மரத்து வேர் சுவரைப் பிளந்துவிடும் என்று ஒன்று. வேருக்கு நீ படமே வரைந்து அனுப்பினாய். ஆறாவது கடிதத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தத் திசையில் தலைவாசல் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரில் சொல்கிறார்கள் என எழுதினேன். முப்பத்திரண்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, சகுனம் பார்க்கிற பிள்ளைகளைப் பிரம்பைக் காட்டி மிரட்டியவன் எழுதுகிற எழுத்தா அது? அதற்கு நீ ஒரே வரியில் பதில் எழுதினாய்: "அப்பா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது மகனே. வேறொன்று சரியில்லை.

சரி, கடிதம் எடுபடவில்லை, கொத்தனாரிடமே நேரில் பேசி நிறுத்திவிடலாம் என்று போனேன். அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டி முடிந்திருந்தது. சுண்ணாம்புக் குழியில் சுண்ணாம்பு நீர்த்துக்கொண்டிருந்தது, நீ தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்த சீமைச் சிமெண்டுப் பீப்பாய்கள் மருத மரத்தடியில் ஓலை போர்த்திக் கிடந்தன. அவர் நான் சொன்னதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. கடைசியில், "வாத்தியாரய்யா, தம்பி தெளிவா எழுதியிருக்காவ. ஐயா வந்து என்ன சொன்னாலும் தலைய ஆட்டிட்டு நீங்க வேலையப் பாருங்கன்னு. நான் ஆட்டுதேன். இன்னும் ஏதும் இருந்தா சொல்லுங்க" என்றார். கோபம் வந்தது. ஆனால் யாரைக் கோபித்துக்கொள்வது? பிள்ளை அப்படி எழுதும்படி நடந்துகொண்டவன் நான்.

ஒன்றை மட்டும் நீ நம்பவேண்டும். நீ போட்டிருக்கும் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் படம் வந்த அன்று அதைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் நாழியும் டம்ளரும் வைத்துப் பாதி நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் வீடு கட்டுகிறவன் முதலில் மரத்தை வெட்டுவான், பிறகு மேட்டைச் சரிப்பான், பள்ளத்தைத் தூர்ப்பான், அதன்மேல் ஒரு பெட்டியை வைப்பதுபோல் வீட்டை வைப்பான். நீ சரிவைச் சரிவாகவே விட்டிருக்கிறாய். கொழும்பில் மலைத்தோட்டத்துத் துரைமார் பங்களாக்களுக்குப் படம் வரைந்து வரைந்து கற்றுக்கொண்டதாக எழுதியிருந்தாய். மேலே தலைவாசலும் கூடமும், அதற்கு மூன்றடி கீழே படுக்கை அறைகள், அதற்கும் மூன்றடி கீழே, ஆற்றுக்கு மிக அருகில், அம்மாவின் அறை. வீடு ஆற்றுக்குள் மெல்ல இறங்குவதுபோல் இருந்தது. மருத மரத்தை வெட்டாமல் சுவரையே வளைத்துக்கொண்டு போயிருந்தாய். ஆனி ஆடியில் மேற்கே இருந்து வருகிற சாரல் காற்று கூடம் வழியாக நுழைந்து முற்றத்தில் இறங்கும்படி வாசல்களை வைத்து, அடுப்படியை அந்தக் காற்றுக்குப் பின்னால் தள்ளியிருந்தாய். வாய்க்கால் தண்ணீர் ஒரு கல்தொட்டி வழியாக முற்றத்துக்குள் வந்து போகும் என்றும் எழுதியிருந்தாய். என் மகன் இத்தனை தூரம் யோசிப்பானா என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் அறையில் ஜன்னலைக் கட்டில் உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தாய், படுத்த படுக்கையாகக் கிடப்பவளுக்கு ஆறு தெரியட்டும் என்று. ஓரத்தில் சிறிய எழுத்தில் நீ எழுதியிருந்தாய்: "இந்த அறையின் தரை, வெள்ளக்கல்லின் கோட்டுக்கு மூன்றடி மேலே."

அந்தக் கல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அது எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். என் தாத்தா காலத்தில் ஒரு பெருவெள்ளம் வந்தது. அது வடிந்த பிறகு, தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் ஊரார் ஒரு கருங்கல்லை நட்டு, தண்ணீர் தொட்ட உயரத்தில் குறுக்கே ஒரு கோடு வெட்டினார்கள். இனி வீடு கட்டுகிறவன் அந்தக் கோட்டுக்கு மேலே கட்டவேண்டும் என்பதற்காக. நம் சரிவில்தான் அது நின்றது. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அது இப்போது நிற்கிற இடம் அவர்கள் நட்ட இடம் இல்லை. அதைப் பிடுங்கியவன் நான். தப்பான இடத்தில் நட்டவனும் நான்.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம். அந்த வருஷம் நம் சபைக் கோவில் பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்தை நடத்துகிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான் வாலிபன், புதிதாக வந்த வாத்தியார், எதையும் என்னால் முடியும் என்று காட்டவேண்டிய வயசு. அந்தச் சரிவில் இருந்த நம் தோப்பில்தான் பந்தல். சுற்று வட்டாரத்துச் சபைகளிலிருந்தெல்லாம் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குகிறது. சோற்றுக்கு எல்லாம் தயார், ஆட்டுக்கறிக் குழம்புக்குப் பெரிய கொப்பரை வந்துவிட்டது, அதை ஏற்ற மூன்று கல் வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. செங்கலை அடுக்கிப் பார்த்தோம், கொப்பரையின் கனத்தில் நொறுங்கிப் போனது. சமையல்காரர் நல்ல மனுஷர், ஆனால் வாய் பெரிது. "வே வாத்தியாரே, ஜனம் எல சுத்தி உக்காந்துட்டு. கல்லில்லாம நான் என்ன தலையிலயா வச்சு வேவிக்கது? அங்கன ஒண்ணு சும்மாத்தான நிக்குது, அத எடும் வே" என்றார். அவர் கையைக் காட்டிய இடத்தில் வெள்ளக்கல் நின்றது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கடப்பாரையைக் கொண்டுவரச் சொல்லி, நானும் அவருமாகப் பிடுங்கி உருட்டி வந்து அடுப்பில் வைத்தோம். குழம்பு நன்றாக வந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். வெள்ளத்தின் அளவு அடுப்புக்கல்லாகி எரிந்துகொண்டிருந்தது, நான் அதன் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

பண்டிகை முடிந்து திருப்பி நட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் அசதி. மூன்றாம் நாள் தோப்பில் ஏர் ஓட்டி வாழை வைக்கிறார்கள், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். சாம்பலும் எச்சில் இலையும் கொட்டிக் குழியும் மூடிப்போய்விட்டது. நாலாம் நாள் சாயங்காலம் தலையாரி வந்து, ஆற்றங்கரையில் நிற்கிற பழைய கல்லையெல்லாம் பார்த்துப் பதிந்துகொள்ள நாளைக் காலையில் ஒரு அதிகாரி வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உயிர் போய்விட்டது. சர்க்கார் பார்க்கிற கல்லைப் பிடுங்கி அடுப்பு மூட்டியவன் என்று தெரிந்தால் வேலை இருக்குமா? சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எந்த இடம் என்று தேடுகிறோம், எல்லாம் உழுத மண், ஒரே மாதிரி இருக்கிறது. "இங்கனதான்" என்கிறார் அவர். "இல்லை, இன்னும் மேலே" என்கிறேன் நான். மேலே தோண்டிப் பார்த்தால் சுக்கான்பாறை, கடப்பாரை தெறிக்கிறது. கீழே மண் பஞ்சுபோல் இருந்தது. தோண்ட எளிதாக இருந்த இடத்தில் தோண்டி, இறங்கின மட்டும் இறக்கி, மண்ணை மிதித்துவிட்டு வந்தோம். மறுநாள் அந்த அதிகாரி, "இதுதானே அந்த இடம்?" என்று கேட்டார். அவரும் என்னை நம்பித்தான் கேட்டார், படித்தவன் அல்லவா. "ஆமாம்" என்றேன்.

பத்தடி கீழே நட்டோமா, முப்பதடி கீழே நட்டோமா, தெரியாது. எத்தனை ஆழம் கூடுதலாக இறங்கியது, அதுவும் தெரியாது. முன்பு அந்தக் கோடு என் நெஞ்சுக்கு வரும் என்பது ஞாபகம். இப்போது இடுப்புக்கு வருகிறது. சமையல்காரர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷமாகிறது. இதைக் கேட்ட உடனே நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். பென்சிலை எடுத்துக்கொண்டு, "சரி அப்பா, எத்தனை அடி ஏற்றவேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்பாய். மகனே, அந்த எண் என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை. அதைத்தான் நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட ஏதோ வாலிபத்தில் செய்த பிசகு என்று சொல்லிக்கொள்ளலாம். நான் நிறுத்தவில்லை. வருஷா வருஷம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கல்லடிக்குக் கூட்டிப்போய், "பிள்ளைகளே, ஆறு எவ்வளவு ஏறினாலும் இதுவரைக்கும்தான் ஏறும்" என்று பாடம் நடத்தினேன். பொய் என்று தெரிந்தே முதல் வருஷம் நடத்தினேன். அதற்கப்புறம் பாடம் பழகிவிட்டது, எனக்கே அது உண்மைபோல் ஆகிவிட்டது. உனக்கு அப்போது ஐந்து வயசிருக்கும். அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்து, கோட்டுக்கு உன் தலை எட்டுகிறதா என்று மாதத்துக்கு ஒரு தரம் பார்ப்பாய். ஒரு நாள் எட்டிவிட்டது. "அப்பா, என் தலை தண்ணிக்கு மேல வந்துட்டு! இனி நான் முங்கமாட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாய். நான் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

போன வருஷம் நீ லீவில் வந்து, முக்காலிமேல் கண்ணாடிக் குழாயை வைத்துச் சரிவு முழுக்க மட்டம் பார்த்தாயே, அப்போது கோட்டின்மேல் அளவுகோலைப் பிடித்தது யார்? நான்தான். "அப்பா, கோல் ஆடுகிறது, நேராகப் பிடியுங்கள்" என்றாய். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்றேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் இல்லை. உன் முகத்தைப் பார்த்தேன், அம்மாவுக்கு ஆற்றைக் காட்டப்போகிறோம் என்கிற சந்தோஷம் அதில் இருந்தது. வாய் வரவில்லை. இப்போது அந்தக் கோல் காட்டிய அளவில்தான் வாணம் தோண்டியிருக்கிறார்கள்.

இத்தனை வருஷமாக வெள்ளம் அந்தக் கோட்டைத் தொட்டதே இல்லையே என்று நீ கேட்பாய். உண்மைதான். வந்ததெல்லாம் சின்ன வெள்ளம், ஆகவே ஊரும் கல்லை நம்பியது. ஆனால் நம் ஊருக்கு வெள்ளம் எப்படி வரும் என்று உன் மாதிரி ஆட்களுக்குப் படத்தில் தெரியாது. தாமிரபரணி மட்டும் பெருகினால் பயமில்லை, முன்னால் தெரிந்தே ஏறும். சிற்றாறும் அதே நேரத்தில் பெருகிவந்து சீவலப்பேரியில் அதோடு மோதினால்தான் வினை. போக வழியில்லாமல் தண்ணீர் பின்வாங்கி, வாய்க்கால் வழியாக ஏறி, முதுகுப்பக்கமாக வரும். நீ கட்டுகிற வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் அந்த வாய்க்கால்தான் ஓடுகிறது. ஆக, நீங்கள் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் பாதை போய்விடும். உன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறிக் கூடத்துக்குப் போய்விடுவாள். நீ இருந்தால் உண்டு, நீ கொழும்பில் இருப்பாய். கீழ் அறையில் கட்டிலில் கிடப்பவளை, இடது கையும் இடது காலும் விழுந்துபோனவளை, யார் ஏற்றுவது? நானா? என்னால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. வருகிற ஐப்பசியிலேயே வரும் என்று நான் சொல்லவில்லை. வராமலும் போகலாம். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் அந்த அறை வாசலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். என்னால் முடியாது. முடியாது மகனே.

முந்தாநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் படம் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? பதினாலு மாதமாக எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். தினம் ஆற்றில் குளித்துப் பழகின உடம்பு. அவளிடம் போய்க் கல், அசனம், கொப்பரை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கோணிப்போன வாயால் பைய, "எனக்கு அன்னிக்கே தெரியும்லா" என்றாள். "விடியத் தண்ணி எடுக்கப் போனேன். கல்லு எடம் மாறி நிக்கி, ஒரு பக்கம் பூரா கரி. வாரவரு பாத்தா உங்க வேல போயிருமேன்னு தேங்கா நாரும் மண்ணும் போட்டுத் தேச்சேன். கையெல்லாம் தோலு போச்சு. நீங்க கேட்டீய, என்னட்டி கையிலன்னு. நெல்லு குத்துனேன்னு சொன்னேன்." முப்பது வருஷமாக அவள் இதை என்னிடம் ஒரு சண்டையில்கூடச் சொல்லவில்லை.

பிறகு நான் கேட்டேன், தெரிந்துமா அந்த அறைக்குச் சரி என்றாய்? அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வெள்ளம் என்னைக்கோ வருது. அதுவரைக்கும் தெனம் ஆத்தப் பாப்பேன்லா. புள்ள ஆசையாப் போட்ட ரூமு. வந்தா வரட்டும். இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டுச் சாவதுக்கு அது எவ்வளவோ மேலு. அவனுக்கு ஒண்ணும் எழுதாதீய." அதிலிருந்து இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நான் எழுதப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கஞ்சி கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு மதினி வந்து கொடுத்தால் குடிக்கிறாள்.

இதையும் நீ ஏழாவது சாக்கு என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக நேற்றுக் காலையில் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கல்லடிக்குப் போனேன். தோண்டுங்கள் என்றேன். வழக்கம்போல் தலையை ஆட்டினார். நான் கடப்பாரையைப் பிடுங்கி நானே குத்த ஆரம்பித்ததும் பதறிப்போய் வாங்கிக்கொண்டார். அடிப்பாகம் வெளியே வந்தது. அம்மாவின் நார் எட்டாத அந்த ஒரு முழத்துக்கு, மண்ணுக்குள் புதைந்த பக்கத்தில், கரி அப்படியே இருந்தது. தீயில் வெந்து ஒரு சில்லும் பெயர்ந்திருந்தது. கொத்தனார் விரலால் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் கல்லிலேயே கிடக்கிறவர், நட்ட கல்லின் அடியில் கரி ஏறாது என்று அவருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. "வாத்தியாரய்யா, எங்க அண்ணன் வீட்டுக்கும் இந்தக் கோட்டப் பாத்துதான் கடகால் போட்டேன்" என்றார். நான் அவர் காலில் விழுந்திருப்பேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அண்ணன் வீட்டுக்கும், சரிவில் வீடு கட்டிய மற்ற இரண்டு பேர் வீட்டுக்கும் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். ஒருவர் கதவைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். அதைப் பற்றி நீ கவலைப்படவேண்டாம், அது என் பாடு.

கொத்தனார் வேலையை நிறுத்தியிருக்கிறார். ஆனாலும் அவர், "தம்பி வீடு, தம்பி வாய் தொறந்து சொல்லணும். குழச்ச சுண்ணாம்பு எட்டு நாளைக்கு மேல நிக்காது, ஆளுவளும் வள்ளியூர்ல வேற வேலைக்குப் போயிருவாவ. அதுக்குள்ள ஒரு தந்தி வரட்டும்" என்கிறார். நியாயம்தான். வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பு. வாணத்தை மூடிவிட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மேட்டுப் புஞ்சையில் பனைகளுக்கு நடுவே வேறு வீடு போடு. அங்கே மருத மரம் இல்லை, ஆறு தெரியாது, செம்மண்ணும் பனையும் காற்றும்தான். உன் கைக்கு அதுவும் வசப்படும். சரிவைச் சரிவாகவே விட்டவன், மேட்டை மேடாக வைத்துக் கட்டமாட்டாயா? கீழே கொட்டிய உழைப்பெல்லாம் வீணாகிறதே என்று உனக்கு வயிறெரியும். எரியட்டும், என்மேல் எரியட்டும். ஆற்றைக் காட்டவேண்டும் என்றால் நாலு ஆளைப் பிடித்து அவளைக் கட்டிலோடு கரைக்குக் கொண்டுபோய் வைக்கிறேன். மேகம் கூடினால் தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாம். வீட்டை அப்படித் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாது.

அம்மா சம்மதித்துவிட்டாளே, அவள் இஷ்டம் அதுவென்றால் நாம் யார் தடுக்க என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் நேற்று ஒரு நாழிகை தோன்றியது. அவள் கேட்பது பெரிய ஆசை இல்லை, நியாயமான ஆசைதான். ஆனால் அவள் கணக்கில் என்னைச் சேர்க்கவில்லை. என் வேலை போய்விடக்கூடாது என்று கைத்தோல் போகத் தேய்த்தவள், நான் செய்த தப்பிலேயே முங்கிப்போவாள், நான் மேல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், அதுதானே? நான் அவளைவிட ஏழு வயசு மூத்தவன். முந்திப் போகவேண்டியவன் நான். அந்த முறை மாறக்கூடாது.

ஆகவே தந்தி வந்ததும் உன் அறை இல்லை என்று அம்மாவிடம் சொல்லப்போகிறவன் நான்தான். நீ சொல்லவேண்டாம், உன்மேல் அவளுக்கு வருத்தம் வரவேண்டாம். அவள் என்னை மன்னிக்கமாட்டாள். மன்னிக்கவேண்டாம். மேட்டு வீட்டில், ஆறு தெரியாத சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தினம் காலையில் என்னைத் திட்டட்டும். திட்டுவதற்கு அவள் இருக்கவேண்டும் மகனே, எனக்கு அது போதும்.

உன் அப்பா